கிளியின் அகவை அறிதல்

பறப்பனவற்றின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பிள்ளை ஆகிய இரண்டினையும் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கிறது. எனினும் நம் வழக்கில் 'கிளிப்பிள்ளை' என்பது முதிர்ந்த கிளிக்கும் பெயராயிற்று. கூண்டிலுள்ள கிளி எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் நமக்குப் பிள்ளையே. சொல்லில் மறைந்துபோன இவ்வேறுபாடு கிளியின் உடலில் மறையவில்லை. அதனைக் கண்டறியும் முறையை ஈண்டுக் காண்போம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நாம் பெரிதும் காண்பது பச்சைக்கிளி. மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் நாளில் இவை கூட்டமாக வந்திறங்குவதை உழவர் நன்கறிவர். தினைப்புனத்து மகளிர் கையிலிருந்த தட்டையும் குளிரும் போய்த் தகர டப்பா வந்துள்ளது; கிளி கடியும் தொழில் மட்டும் மாறவில்லை.

இக்கிளியின் கழுத்து வளையத்தைச் சங்கப் புலவர் 'செந்தார்' என்றனர். தார் என்பது மாலை. தொண்டைப் பக்கம் கருமையும் பிடரிப் பக்கம் இளஞ்சிவப்புமாக அமைந்த இம்மாலை எல்லாக் கிளிக்கும் உரியதன்று, ஆணுக்கே உரியது. அவ்வாணுக்கும் இது பிறவியிலேயே வாய்ப்பதில்லை. ஒன்றரை ஆண்டு கடந்தபின் சிறிது சிறிதாகத் தோன்றி, மூன்றாம் ஆண்டளவில்தான் முழுமை பெறும். ஆகவே, மாலை நிறைந்திருப்பின் அது வளர்ந்த ஆண் என ஐயமின்றிக் கூறலாம். மாலை இல்லையாயின்? பெண் என்று முடிவு கட்டிவிடுவோரே பலர். அம்முடிவு பொருந்தாது. இளைய ஆணும், இளைய பெண்ணும், முதிர்ந்த பெண்ணும் இவ்வகையில் ஒன்றுபோலவே தோன்றும்.

அந்நிலையில் கண்ணை நோக்குதல் வேண்டும். இளங்கிளியின் விழி கருமையாய், பாவை எது, அதனைச் சூழ்ந்த வட்டம் எது எனப் பிரித்தறிய இயலாதவாறு இருக்கும். நாள் செல்லச் செல்ல அவ்வட்டம் சாம்பல் நிறமுற்று, பின்னர் வெளிர்மஞ்சளாகும். அடுத்து அலகு. இளமையில் வெளிறிய இளஞ்சிவப்பாக இருப்பது பின்னர் மேலலகில் ஆழ்ந்த சிவப்பாகும். நம் தென்னகத்துக் கிளிக்குக் கீழலகு கருமையுறும். வாலும் ஒரு சான்றே. முதிர்ந்த கிளியின் நீளம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வால்தான். குட்டை வால் பெரும்பாலும் இளமையைக் காட்டும். ஆயினும் கூண்டில் உராய்ந்து முறிந்த வாலும் குட்டையாகவே இருக்கும். அதனை மட்டும் நம்பலாகாது. செந்தலைக்கிளியிலோ இளமைக்குறி வேறு: குஞ்சின் தலை பச்சையாகவே இருக்கும்; வளர்ந்த ஆணுக்கே செந்தலை.

இவ்வறிவு நமக்கு எதற்கு என வினவலாம். பேசப் பழகுவது இளங்கிளியே என்பதால், பிடிப்போர் தேடுவதும் பொந்திலுள்ள குஞ்சினையே. பட்டுப்போன பனையின் உச்சிப் பொந்திலும் பழங்கட்டடங்களின் இடுக்கிலும், பெரும்பாலும் தை முதல் சித்திரை வரை, இவை முட்டையிடும். முட்டை பொரிய மூன்று வாரத்திற்குச் சற்றே மிகும். குஞ்சு பறக்க மேலும் ஏழு வாரம் ஆகும். இந்த ஏழு வாரத்திற்குள் எடுக்கப்பட்ட குஞ்சுதான் பின்னர் 'வீட்டுக்கிளி' எனப்படுகிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் (1972) நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் கூண்டில் வைப்பதையும் குற்றமாக்கியுள்ளது. அன்பாக வளர்க்கிறோம் என்பது அங்கே விடையாகாது.

கீழே விழுந்த குஞ்சு கையில் கிடைப்பின் அகவையறிவு உடனே பயன்படும். இறகு முளையாத குஞ்சாயின், பொந்து எட்டுமேல் அதில் திரும்ப வைக்கலாம். எட்டாதெனில் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இறகு நிறைந்து, வால் மட்டும் வளராத குஞ்சாயின், அது பறக்கப் பழகுவது. பூனைக்கெட்டாத கிளையில் அமர்த்தி விலகி நின்றால் தாய் வந்து இரையூட்டும். நெடுநாள் கூண்டிலிருந்த முதுகிளியை நாமே திறந்துவிடுதல் தகாது. சிறகு கத்தரிக்கப்பட்டிருப்பின் இறகுதிர்ந்து புதிது முளைக்கும்வரை அது பறவாது. இரை தேடவும் அறியாது. அதனையும் வனத்துறையினரிடமே சேர்த்தல் வேண்டும்.

வளர்த்தே ஆகவேண்டும் என்போர்க்கு ஆஸ்திரேலியச் சிறுகிளி உண்டு. கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுவனவற்றுள் பெரும்பாலன இவையே. அப்பெயர்க்கு உண்மையில் உரியது ஆப்பிரிக்கக் குறுவாற்கிளி. ஆஸ்திரேலியக் குஞ்சின் நெற்றியில் கருங்கோடுகள் அலகுவரை இறங்கியிருக்கும். மூன்று நான்கு திங்களில் முதல் இறகுதிர்வின்போது அவை மறைந்து நெற்றி தெளியும். முழுதும் கருமையான கண்ணில் வெண்வளையம் தோன்றுவது அதன் பின்னரே. மூக்குத்துளைகளைச் சூழ்ந்த மெழுகு போன்ற தோல், வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் மாறும். வெண்ணிற, முழுமஞ்சள் வகைகளில் நெற்றிக்கோடும் இராது. ஆணின் மூக்குத்தோலும் நீலமாகாது.

ஓராண்டு கடந்த சிறுகிளியின் வயதையும் மூன்றாண்டு கடந்த பச்சைக்கிளியின் வயதையும் தோற்றங்கொண்டு துல்லியமாக உரைக்க எவராலும் இயலாது. சில வளர்ப்போர் சிறுகிளிக் குஞ்சின் காலில், பிறந்து பத்து நாளுக்குள், ஆண்டு பொறித்த மூடுவளையம் இடுவர். கால் பருத்தபின் அது கழலாது. புதிதாக மாட்டவும் முடியாது. விற்போர் சொல்லும் வயதினும் அவ்வளையத்திலுள்ள எண்ணே நம்பத்தக்கது.