வலைப்பூ எழுதத் தொடங்குவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

கொங்கு நாட்டுக் கிராமத்தை அதன் பேச்சோடு நாவலாக்கியவர் ஆர். சண்முகசுந்தரம். அவருடைய ‘நாகம்மாள்’ 1942-ல் வெளிவந்தது. 1971-ல் கோவைக் கவிஞர்கள் கூடி ‘வானம்பாடி’ இதழைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு எழுத்து வெளியாக வேண்டுமென்றால் அச்சகம், தாள், பணம் எல்லாம் வேண்டியிருந்தன. இன்றைக்குக் கையிலிருக்கும் போனே போதும். இருந்தும் “நானென்னங்க எழுதறது?” என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் வீதியையும் தோட்டத்தையும் சமையலறையையும் உங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அதை நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதுமில்லை.

1. கணக்குத் தொடங்கும் முன் ஒரு நோட்டில் பத்துத் தலைப்புகளை எழுதிப் பாருங்கள். அம்மிச்சி பிழியும் சந்தவை, ஊர் மாரியம்மன் நோம்பி, பவானி ஜமக்காளத் தறி, வெட் கிரைண்டர் பட்டறை, பொள்ளாச்சிச் சந்தை என்று எதுவாகவும் இருக்கலாம். பத்தும் தடையில்லாமல் வந்தால் நீங்கள் தயார். மூன்றோடு நின்றுவிட்டால் வேறு பொருளை எடுங்கள்.

2. சமையல், சினிமா, ஆன்மிகம், அரசியல் எல்லாவற்றையும் ஒரே வலைப்பூவில் போட வேண்டாம். தொடக்கத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், எதற்காக மறுபடியும் வர வேண்டும் என்பது படிப்பவருக்குத் தெரியும்.

3. கூகுள் கணக்கு இருந்தால் பிளாகரில் செலவில்லாமல் தொடங்கலாம். வேர்ட்பிரஸ் தளத்திலும் இலவச வசதி உண்டு. முகவரியைப் போனில் சொன்னாலே எதிரில் இருப்பவர் எழுதிக்கொள்ளும்படி சிறிதாக வையுங்கள். சொந்த முகவரிக்குப் பணம் கட்டுவதை எழுதும் பழக்கம் படிந்த பிறகு யோசிக்கலாம்.

4. போனில் தமிழ் விசைப்பலகையை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். செல்லினம், கூகுளின் ஜிபோர்டு இரண்டுமே வசதியானவை. தட்டச்சு வராத பெரியவர்கள் ஜிபோர்டில் பேசியே எழுதலாம். வட்டாரச் சொற்களை அது தப்பாகப் பிடிக்கும் என்பதால் ஒருமுறை திருத்திவிடுங்கள். கணினியில் நிறைய எழுதுவோர் தமிழ்99 விசைப்பலகையைப் பழகினால் வேகம் கூடும்.

5. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கட்டுரைகளை அப்படியே ஒட்டினால் இணையத்தில் குழப்பமாகத் தெரியும். எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. யூனிகோடில் இருந்தால்தான் தேடுபவர் கண்ணில் உங்கள் எழுத்து படும்.

6. விவரிக்கும் இடங்களைப் பொதுத்தமிழில் எழுதினாலும் ஆட்கள் பேசும் இடங்களில் ஊர்ப்பேச்சு வரட்டும். ‘பொழுதோட வாரனுங்க’ என்று சொன்னவரை ‘மாலையில் வருகிறேன்’ என்று பேசவைக்காதீர்கள். சொல்லில் சந்தேகம் வந்தால் பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ கைகொடுக்கும்.

7. பேரும் அளவும் காலமும் எழுத்துக்கு உயிர் கொடுக்கும். ‘அரிசிம்பருப்பு சுவையாக இருக்கும்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர், தாளிக்கச் சின்ன வெங்காயம், பூண்டு, இறக்கியதும் நெய் என்று எழுதினால் அன்றைக்கே அடுப்பில் வைத்துவிடுவார்.

8. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவது பெரும் செல்வம். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஷிப்டு மாறி மாறி அந்த மில்களில் உழைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் “அந்தக் காலம் எப்படி இருந்துச்சுங்க?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்துச்சு” என்பதோடு முடிந்துவிடும். “மொதச் சம்பளத்துல என்னங்க வாங்குனீங்க? சாப்பாட்டுத் தூக்குல என்ன இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது. அனுமதி வாங்கிப் போனில் பதிவு செய்யுங்கள். கோப்புக்குப் பெயரும் தேதியும் இடுங்கள். எழுதி முடித்ததும் அவர்களுக்கே படித்துக்காட்டுங்கள்.

9. ‘வணக்கம் நண்பர்களே’ என்று தொடங்கி நாலு வரி முன்னுரை எழுத வேண்டாம். நேராக விஷயத்துக்கு வாருங்கள். முந்நூறு, நானூறு சொற்கள் போதும். பெரும்பாலோர் போனில் படிப்பதால் பத்திகள் சிறியதாக இருக்கட்டும்.

10. எழுதிய அன்றே வெளியிடாமல் ஓர் இரவு ஆறப்போடுங்கள். மறுநாள் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு இடறும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். எழுத்துப்பிழை பார்க்க ‘வாணி’ என்ற தமிழ்ப் பிழைதிருத்தி இணையத்தில் இருக்கிறது.

11. நீங்களே எடுத்த படத்தைப் போடுங்கள். இணையத்தில் தேடிக் கிடைப்பதெல்லாம் பொதுச்சொத்து ஆகாது. வேறு படம் வேண்டுமானால் விக்கிமீடியா காமன்ஸில் எடுத்து, உரிமக் குறிப்பில் உள்ளபடி எடுத்தவர் பெயரையும் தாருங்கள்.

12. உறவுச் சண்டை, வரப்புத் தகராறு, அடுத்தவர் நோய், போன் எண், குழந்தைகளின் பள்ளி விவரம் ஆகியவற்றை எழுத வேண்டாம். நல்ல செய்தியாக இருந்தாலும் உரியவரிடம் கேட்டுவிட்டு எழுதுவதே மரியாதை.

13. வாரம் ஒரு பதிவு என்று கிழமை குறித்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் மாதம் இரண்டு வைத்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் ஏழு எழுதிவிட்டு ஓய்ந்துபோவதைவிட இது நிலைக்கும்.

14. பிறர் எழுத்தையும் படியுங்கள். காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டி, எங்கெங்கோ இருந்த தமிழ்ப் பதிவர்களை ஒருவருக்கொருவர் படிக்கவைத்தது. இன்றைக்கு அந்த வேலையை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். ஆகஸ்ட்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கும், கோவையில் கொடிசியா வளாகப் புத்தகத் திருவிழாவுக்கும் போய்வாருங்கள். உங்களைப் போலவே எழுதுகிறவர்களை அங்கே சந்திக்கலாம்.

15. மாதம் ஒருமுறை எல்லாப் பதிவுகளையும் பிரதி எடுத்து வையுங்கள். பிளாகர் அமைப்புகளிலேயே அதற்கு வழி இருக்கிறது. சேவை நின்றாலும் கடவுச்சொல் மறந்தாலும் எழுத்து தப்பிக்கும். இருபது, முப்பது பதிவுகள் சேர்ந்ததும் தொகுத்து மின்னூலாக்குங்கள். ஒரு பிரதியை அச்செடுத்து, கதை சொன்ன அப்பாருவுக்கும் அம்மிச்சிக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். இது அவர்களுக்கும் சேர்ந்த புத்தகம்.