அனுமதியை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம்?

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் திறக்க நெடுநேரம் ஆகிறது, அனுமதிச் சோதனைதான் இழுக்கிறது, அதற்குக் கேச் போட்டுவிடு என்று உங்கள் குழுவில் சொல்கிறார்கள். போடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடலாம். ஆனால் போட்டதை எப்போது அழிப்பது என்று முடிவு செய்யாமல் போடாதே.

அதற்கும் முன்னால், இழுப்பது உண்மையில் அதுதானா என்று அளந்து பார். நீ வேலை செய்யும் எஸ்ஏபியில் ஒரு பயனருடைய அதிகாரங்கள் எல்லாம் யூசர் பஃபரில் ஏற்கெனவே ஏறியிருக்கும். ஏபாப் நிரலின் அத்தாரிட்டி-செக் அந்தப் பஃபரைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸுக்கு ஓடுவதில்லை. அதாவது கேச் முன்பே இருக்கிறது. இப்படிப்பட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் நேரத்தைத் தின்பது வேறொன்று: எந்தக் கிளையின் பில்லை யார் பார்க்கலாம் என்று நிறுவனம் தனக்கென உருவாக்கிய இசட் டேபிள். அதை லூப்புக்குள் வரிக்கு வரி செலக்ட் போட்டுப் படித்திருப்பார்கள். ஒரு படிப்புக்கு 1 மில்லி விநாடி என்று வைத்தாலும் 10,000 வரிக்கு 10 விநாடி போய்விடும். அந்த 10,000 வரியிலும் கிளைகள் பத்தோ பன்னிரண்டோதான் இருக்கும். கிளைக்கு ஒரு முறை கேட்டு, அந்த அறிக்கை ஓடி முடியும் வரை விடையை வைத்துக்கொள். ஓட்டம் முடிந்ததும் அதுவும் போய்விடும் என்பதால் இதைவிட ஆபத்தில்லாத கேச் கிடையாது. அதைவிட நல்லது, அனுமதி உள்ள கிளைகளின் பில்களை மட்டும் டேட்டாபேஸிலிருந்து எடுப்பது. எடுத்துவிட்டுக் கழிப்பது எப்போதும் வீண் செலவு.

இதற்கு மேலும் வேகம் வேண்டியிருந்தால்தான் நீண்ட நேரம் நிற்கும் கேச் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் நிறுத்து. பொருளின் பெயர் பழசாக இருந்தால் திரையில் ஒரு பிழை, அவ்வளவுதான். அனுமதி பழசாக இருந்தால், வேலையை விட்டு நீக்கப்பட்டவர் இன்னும் பணப் பட்டுவாடாவுக்கு ஒப்புதல் தர முடியும். ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் கணினித் தகவல் பாதுகாப்பைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: ஒவ்வொரு அணுகலும் சோதிக்கப்பட வேண்டும், வேகத்துக்காகச் சோதனையின் விடையை நினைவில் வைக்கும் யோசனை எதுவானாலும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும், அதிகாரம் மாறினால் நினைவில் உள்ளதும் முறையாக மாற வேண்டும். இத்தனை ஆண்டு கழித்தும் இதில் திருத்த ஒன்றும் இல்லை.

நம் கண்ணில் படாத கேச்கள் ஏராளம். விண்டோஸ் டொமைனில் ஒருவரைக் காலையில் ஒரு குழுவிலிருந்து நீக்கினாலும், அவர் கையில் இருக்கும் கெர்பரோஸ் டிக்கெட்டின் இயல்பான ஆயுள் 10 மணி நேரம். பழைய குழுவின் அடையாள எண் அதற்குள் இருக்கிறது. இதெல்லாம் கெடுதல் என்று சொல்லவில்லை. எவ்வளவு நேரம் தாமதிக்கலாம் என்று யாரோ யோசித்து எடுத்த முடிவு அது. உன் மென்பொருளிலும் அந்த முடிவை நீ எடுக்க வேண்டும், தணிக்கைக்காரர் கேட்டால் சொல்லவும் தெரிய வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ரோலை யாராவது திருத்தினால் கேச்சை அழி என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் மார்ச் 31 வரை மட்டும் என்று கொடுத்த ரோல், ஏப்ரல் 1 பிறக்கும்போது யார் கையும் படாமல் காலாவதியாகிறது. திருத்தம் நடக்கவில்லை, எனவே கேச்சும் அழியாது. எஸ்ஏபியில் தினமும் நள்ளிரவு தாண்டியதும் பிஎஃப்சிஜி டைம் டிபென்டென்சி என்ற வேலையை ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். காலாவதியான ரோலின் அதிகாரங்களைப் பயனரிடமிருந்து எடுப்பது அதுதான். நீ எழுதும் கேச்சிலும் ஒவ்வொரு விடையோடும் அதன் முடிவு நேரத்தைச் சேர்த்து வை.

இன்னொன்று, 'இல்லை' என்ற விடையை நீண்ட நேரம் வைத்திருக்காதே. அனுமதி தாமதமாகக் கிடைத்தால் பாதுகாப்புக்கு என்ன கேடு என்று தோன்றும். நடப்பது வேறு. ரோல் கொடுத்தாகிவிட்டது, திரை இன்னும் மறுக்கிறது, மாதக் கடைசி, மேலாளர் கத்துகிறார். கடைசியில் யாரோ எஸ்ஏபி-ஆல் கொடுத்து வாயை அடைத்துவிடுகிறார்கள். எல்லா அதிகாரமும் உள்ள அந்தப் புரொஃபைலை அதற்குப் பிறகு திரும்ப எடுக்க யாருக்கும் நினைவு வருவதில்லை. பழசான ஒரு மறுப்பு இப்படித்தான் பெரிய ஓட்டையாகிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே.

ஒரு ரோல் மாறியதும் எல்லோருடைய கேச்சையும் துடைப்பதும் தவறு. காலை ஒன்பதரை மணிக்கு அத்தனை பேரும் ஒரே சமயத்தில் டேட்டாபேஸைத் தட்டுவார்கள். ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு பதிப்பு எண் வை. எண் பொருந்தாத விடையை மட்டும் தூக்கிப் போடு. கூகுள் 2019இல் வெளியிட்ட சான்சிபார் கட்டுரையை வாசி. கோடிக்கணக்கானோரின் கோப்புகளுக்கும் படங்களுக்கும் அனுமதி பார்க்கும் அமைப்பு அது. 95 விழுக்காடு கேள்விகளுக்கு 10 மில்லி விநாடிக்குள் பதில் சொன்னதாக அதில் எழுதியிருக்கிறார்கள். ஏராளமாகக் கேச் செய்தும், உள்ளடக்கம் மாறிய நேரத்துக்கு முந்தைய அனுமதியை வைத்து விடை சொல்லிவிடாதபடி ஒரு முத்திரையை எடுத்துச் செல்கிறார்கள். வேகமும் சரியான விடையும் சேர்ந்து வரும் என்பதற்கு அதுவே போதுமான சான்று.

கேச்சின் சாவியில் பயனரோடு கம்பெனி கோடும் கிளையன்ட் எண்ணும் இருக்கட்டும். கேச் சர்வர் விழுந்தால் அனுமதி உண்டு என்று ஊகிக்காமல் மூலத்தையே கேட்கட்டும். மூலமும் பதில் தராவிட்டால் மறுக்கட்டும்.

நாளை அலுவலகம் போனதும் எஸ்டி05 டிரேஸை ஓடவிட்டு அறிக்கையைத் திற. எந்த டேபிள் எத்தனை முறை படிக்கப்பட்டது என்று எனக்கு எழுது. அதைப் பார்த்த பிறகு கேச் வேண்டுமா என்று பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்