உதவித் தொகை வரும் வரை

திருக்குர்ஆனின் ஆயத்துகளுள் மிக நீண்டது எது? அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. ஸூரத்துல் பகராவின் 282-வது ஆயத்தாகிய அது, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணைக் கடனாயின் எழுத வேண்டும். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர் மறுக்கலாகாது. சிறு தொகையாயினும் எழுதுவதில் சலிப்புக் கூடாது. சாட்சி வேண்டும் என்று வல்ல அல்லாஹ் வரிசையாகக் கற்பிக்கிறான்.

"காகித வேலைக்கும் மார்க்கத்திற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்போருக்கு இந்த ஆயத் ஒன்றே போதிய பதிலாகும். கடனைப் பற்றி இறங்கியதாயினும், எழுத்து, உண்மை, பொறுப்பு ஆகியவற்றில் ஒரு முஸ்லிம் எப்படி நடக்க வேண்டும் என்னும் ஒழுக்கம் அதில் அடங்கியிருக்கிறது. அந்த ஒழுக்கத்தை, நம் வீடுகளில் ஆண்டுதோறும் எழும் ஒரு தொல்லையோடு வைத்துப் பார்ப்போம். அதுதான் கல்லூரிப் பிள்ளைகளின் உதவித் தொகை.

காத்திருக்கும் வீட்டின் நிலை

கல்லூரி திறக்கும்போதே கட்டணத்தைக் கேட்கிறார்கள். உதவித் தொகையோ உடனே வருவதில்லை. பிள்ளை விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி சரிபார்க்க வேண்டும். மாவட்ட அளவில் அதிகாரிகள் பார்க்க வேண்டும். பிறகு பணம் ஒதுக்கப்பட்டு வங்கிக் கணக்கிற்கு வர வேண்டும். இதற்குள் மாதங்கள் கடந்து விடுகின்றன. சில வேளை அந்தப் படிப்பாண்டே முடிந்து விடுகிறது.

இந்த இடைவெளியில்தான் மூன்று ஆபத்துகள் வீட்டுக்குள் நுழைகின்றன. ஒன்று, பொய்ச் சான்று. இரண்டு, வட்டி. மூன்று, "இந்த ஆண்டு போகட்டும், நீ வீட்டிலிரு" என்று பிள்ளையின் படிப்பை, பெரும்பாலும் பெண்பிள்ளையின் படிப்பை, நிறுத்தி விடுவது. தாமதம் நம் கையில் இல்லை. ஆனால் தாமதத்தின் போது நாம் என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் நாளை நம்மிடம் கேட்கப்படும்.

முதற்பாடம்: பெயரை ஒன்றுபோல் எழுதுதல்

முஹம்மது என்னும் திருப்பெயரை எடுத்துக் கொள்வோம். ஆங்கில எழுத்தில் அதை எழுதும்போது ஒருவர் முஹம்மத் என்கிறார், ஒருவர் மொஹமத் என்கிறார், இன்னொருவர் இரண்டெழுத்தாகச் சுருக்கி விடுகிறார். பள்ளிச் சான்றில் தகப்பனாரின் முதலெழுத்து முன்னே நிற்கிறது. ஆதாரில் அவர் பெயர் முழுவதும் பின்னே வருகிறது. பெண்பிள்ளைகளின் பெயரிலுள்ள பீவி, பானு, பேகம் ஆகியவை குடும்ப அட்டையில் இருக்கின்றன, மதிப்பெண் பட்டியலில் இல்லை. நமக்கு இவையெல்லாம் ஒரே ஆள்தான். கணினிக்கோ இவை வெவ்வேறு ஆட்கள். விண்ணப்பம் நின்று போக இதுவே போதும்.

ஆகவே 10-ம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய மற்றவற்றை அதற்கேற்பத் திருத்திக் கொள்வது நல்லது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறையும், பிறந்த தேதியை 1 முறையும் மட்டுமே மாற்ற விடுகிறார்கள். எனவே அவசரப்படாமல், எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பின்பே திருத்தக் கொடுக்க வேண்டும். இதைப் பிள்ளை 11-ம் வகுப்பில் இருக்கும்போதே முடித்து விட்டால் கல்லூரி நேரத்தில் அலைச்சல் இராது.

வங்கிக் கணக்கிலும் கவனம் தேவை. ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்து விட்டோம் என்பதும், அரசின் பணம் வந்து சேர அக்கணக்கு ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஆதார் வழியே அனுப்பப்படும் பணம், கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தோமோ அங்கேதான் போகும். "பணம் வரவில்லை" என்று அழுத குடும்பத்தின் பணம், மறந்து போன வேறொரு கணக்கில் கிடப்பதும் உண்டு. 2 ஆண்டுகள் நாமாக எந்த வரவு செலவும் செய்யாத கணக்கை வங்கி செயலற்றதாக்கி விடும். சிறுவயதில் தொடங்கிய கணக்காயின், 18 வயது நிறைந்ததும் அடையாளச் சான்றுகளைப் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: உள்ளதை எழுதுதல்

எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்பது அல்லாஹ்வின் கட்டளை. வருமானச் சான்றுக்கு மனுக் கொடுக்கும்போது, கிராம நிர்வாக அலுவலர் முன்பும் வட்டாட்சியர் முன்பும் நாம் சொல்வது ஒரு சாட்சியமாகும். வாப்பா வளைகுடாவிலிருந்து மாதந்தோறும் அனுப்பும் பணத்தை மறைத்து விட்டுக் கூலி வருமானம் என்று எழுதுவதும், வீட்டில் மூத்தவர் பட்டம் பெற்றிருக்க, இளையவருக்கு முதல் பட்டதாரிச் சான்று கேட்பதும் பொய்ச் சாட்சியமே. அந்தப் பணம் ஓர் ஏழைப் பிள்ளையின் பங்கு.

பொய்யின் கேடு பொய்யரோடு நிற்பதில்லை. சிறுபான்மையினர் கல்வி உதவித் தொகையில் மோசடி நடப்பதாகப் புகார் எழுந்து, மத்திய அமைச்சகம் 1,572 நிறுவனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 830 போலியானவை அல்லது செயல்படாதவை என்று கண்டது. ரூ.144 கோடிக்கு மேல் இழப்பு என்று கணக்கிட்டு, 2023 ஆகஸ்டில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. எங்கோ யாரோ செய்த இந்தத் திருட்டுக்குப் பிறகு சரிபார்ப்புகள் கடுமையாயின. வரிசையில் காத்து நிற்பவர்களோ உண்மையான ஏழைகள்.

இதற்கு நேர்மாறான தவறும் நம்மிடையே உண்டு. தகுதியிருந்தும், "ஊர் என்ன நினைக்கும்?" என்று விண்ணப்பிக்காமலே இருந்து விடுகிறார்கள். கையேந்தாத ஏழைகளின் தன்மானத்தைத் திருமறை இதே ஸூராவில் (2:273) சிறப்பித்துக் கூறுகிறது. ஆனால் அரசு உதவித் தொகை பிச்சையன்று. குடிமக்களின் வரிப்பணத்திலிருந்து, தகுதியுடைய பிள்ளைக்கென ஒதுக்கப்பட்ட உரிமை அது. அதை உண்மை சொல்லிக் கேட்பதில் வெட்கத்திற்கு இடமில்லை.

மூன்றாம் பாடம்: காத்திருத்தல் என்பது சும்மா இருத்தலன்று

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு விட்டு அல்லாஹ்வின் மீது பாரம் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரை யாவரும் அறிந்ததே. விண்ணப்பம் அனுப்பியதோடு கடமை முடியவில்லை. குறையிருந்தால் அது பிள்ளையின் கணக்கிற்கே திரும்பி வரும். குறித்த நாளுக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் அவ்வாண்டு வாய்ப்புப் போய்விடும். ஆகவே வாரம் ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பின் என்று வைத்துக் கொண்டாலும் சரி, நிலையைப் பார்த்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வர வேண்டும். யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார், அடுத்து எப்போது வரச் சொன்னார் என்பதையும் அதிலேயே குறிக்க வேண்டும்.

கல்லூரி முதல்வருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். விண்ணப்ப எண்ணையும் தேதியையும் காட்டி, தவணை கேளுங்கள். வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல், கடிதத்தின் நகலில் பெற்றுக் கொண்டதற்கான ஒப்பம் வாங்குங்கள். கட்டணத்திற்கு ஈடாகப் பிள்ளையின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக் கொள்ள முடியாது. பல்கலைக் கழக மானியக் குழு 2018-ல் இதை அறிவித்துள்ளது. நெடுநாள் பதிலே இல்லையென்றால், 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ரூ.10 கட்டணத்தில் விவரம் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். அலுவலரிடம் கோபப்பட்டுப் பேசுவதால் கோப்பு நகராது. எழுதுபவருக்குத் துன்பம் தரலாகாது என்பதும் அந்த ஆயத்தின் கட்டளைதானே!

இன்னொன்று: சென்ற ஆண்டு இருந்த திட்டம் இந்த ஆண்டும் இருக்கும் என்று நம்பி வீட்டுச் செலவைக் கணக்கிடாதீர்கள். சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் பள்ளி உதவித் தொகை 2022-23 முதல் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு நிறுத்தப்பட்டது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆஸாத் நிதியுதவியும் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆண்டுதோறும் புதிய அறிவிப்பைப் பார்த்த பின்பே நம்பிக்கை வைக்க வேண்டும்.

நான்காம் பாடம்: இடைவெளியை ஜமாஅத் நிரப்புதல்

கடன் சுமையிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி பாதுகாப்புத் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்ற கருத்தில் விளக்கினார்கள். சாதாரணக் கடனே இப்படியென்றால் வட்டிக் கடனை என்னென்பது? உம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டமே வந்தது. ஆயினும் கல்லூரியில் கடைசித் தேதி நெருங்கும்போது சட்டம் யாருக்கு நினைவு வருகிறது?

வட்டி ஹராம் என்று மிம்பரில் சொன்னால் மட்டும் போதாது. வட்டியில்லாத வழியைக் காட்டவும் வேண்டும். ஒரு மஹல்லாவில் 100 குடும்பங்கள் மாதம் ரூ.50 ஒதுக்கினால், ஆண்டில் ரூ.60,000 சேரும். ரூ.15,000 கட்டணமுள்ள 4 பிள்ளைகளுக்கு அழகிய கடனாகக் கொடுக்கலாம். உதவித் தொகை வந்ததும் அது திரும்பும். மறு ஆண்டு வேறு 4 பிள்ளைகளுக்கு உதவும். இங்கேயும் ஆயத்தின்படி தொகை, தவணை, சாட்சி எல்லாம் எழுதப்பட வேண்டும். உதவித் தொகை வராமலே போனால்? சிரமப்படுபவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கவும், விட்டுக் கொடுப்பது இன்னும் மேல் என்றும் அதற்கு இரண்டு ஆயத்துகள் முன்பே (2:280) அல்லாஹ் வழி சொல்லியிருக்கிறான்.

இந்தக் கடன் நிதியை ஜகாத்தோடு கலக்காமல் ஸதகாவிலிருந்து தனியே நடத்துவது தெளிவானது. ஏழை மாணவனுக்கு ஜகாத்தைக் கொடுத்து விடலாம். அதைக் கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்குவது பற்றி உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டே செய்யுங்கள்.

பணமில்லாதவரும் உதவலாம். பத்ருப் போரின் கைதிகளில் ஈட்டுப்பணம் தர இயலாத, ஆனால் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்தே விடுதலை பெற்றார்கள் என்று வரலாறு கூறுகிறது. எழுத்தறிவு அன்று ஈட்டுப்பணத்திற்குச் சமமாக மதிக்கப்பட்டது. கணினி தெரிந்த நம் வாலிபர்கள் இருவர், விண்ணப்ப காலத்தில் வாரம் ஒரு மாலை பள்ளிவாசல் மதரஸாவில் அமர்ந்து மனுக்களைச் சரிபார்த்துக் கொடுத்தால், எத்தனை விதவைத் தாய்மார்களின் அலைச்சல் தீரும்! எழுதத் தெரிந்தவர் மறுக்கலாகாது என்ற கட்டளையை நிறைவேற்ற இதைவிட எளிய வழியுண்டா?

வீட்டில் செய்ய வேண்டியவை

இன்றிரவே பிள்ளையோடு அமர்ந்து, மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் அருகருகே வைத்துப் பெயரை ஒப்பிடுங்கள். ஒரு நோட்டைத் தொடங்குங்கள். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் கடன் நிதி பற்றி ஒருவர் எழுந்து பேசுங்கள். இவற்றையெல்லாம் செய்த பிறகு கையேந்தி துஆச் செய்யுங்கள்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நம் வீடுகளுக்கு ஹலாலான வழியையும் தந்தருள்வானாக. ஆமீன்.