இயந்திரக் கற்றல் ஆய்வுப் பயிற்சிக்கு நம் வகுப்பில் ஓர் அடித்தளம்

எட்டாம் வகுப்பு முடித்துச் சென்ற பிள்ளைகள், சில ஆண்டுகள் கழித்துக் கல்லூரி மாணவர்களாக வந்து ஆலோசனை கேட்பது நமக்குப் பழகிய ஒன்று. தொண்டாமுத்தூர் ஒன்றியத்தில் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றும் என்னிடம், அண்மைக் காலமாக அவர்கள் அதிகம் கேட்பது 'இன்டர்ன்ஷிப்' பற்றித்தான். வீட்டிலிருந்தே செயற்கை நுண்ணறிவு ஆய்வில் பங்கேற்கலாம், உதவித்தொகையும் உண்டு என்று கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டுகிறார்கள். பாக்குத் தோப்பு வேலைக்குச் செல்லும் ஒரு தாய், "பணங் கட்டுனாத்தான் அந்த வேலை கெடைக்குமாங்க டீச்சர்?" என்று கேட்டார். அதற்காக நகையை அடகு வைக்கவும் அவர் தயாராக இருந்தார்.

உண்மையான பயிற்சி எப்படி இருக்கும், அதற்குப் பள்ளியிலேயே எப்படி அடித்தளம் இடலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் நம்மிடம் விடை இருக்க வேண்டும்.

உண்மையான பயிற்சி

ஓர் எடுத்துக்காட்டு, கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய 'சம்மர் ஆஃப் கோடு' திட்டம். 18 வயது நிறைந்தவர்கள் வீட்டிலிருந்தே பங்கேற்கலாம். முதலில் மாணவர்களுக்கு மட்டுமே இருந்த வாய்ப்பு, 2022 முதல் திறமூல மென்பொருள் பணிக்குப் புதியவர்கள் பலருக்கும் விரிந்தது. விண்ணப்பக் கட்டணம் இல்லை. இடைக்கால மதிப்பீடு, இறுதி மதிப்பீடு என இரு கட்டங்களில் தேர்ச்சி பெற்றவருக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. அத்தொகை அந்தந்த நாட்டு விலைவாசியைக் கருத்தில் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது.

இதில் பங்கேற்ற அமைப்புகளுள் 'மெஷின் லேர்னிங் ஃபார் சயின்ஸ்' ஒன்று. துகள் இயற்பியல், வானியல் போன்ற துறைகளின் தரவுகளில் இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தும் ஆய்வுகள் இங்கு நடக்கின்றன. விண்ணப்பிப்பவருக்கு முதலில் ஒரு சோதனைப் பணி தரப்படும். அதை எப்படிச் செய்தார், எதைப் பதிவு செய்தார், முடிவை எப்படி விளக்கினார் என்பவை தேர்வுக்கு உதவுகின்றன.

பெற்றோருக்கு நாம் சொல்ல வேண்டிய விதி எளியது: பயிற்சியில் பணம் மாணவரை நோக்கி வர வேண்டும். பதிவுக் கட்டணம், காப்புத்தொகை, சான்றிதழ்க் கட்டணம் என்று கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு: 30 இலைகள்

பொருத்தமான வகுப்பு: 6 முதல் 8 வரை. தேவையானவை: 30 தக்காளி இலைகள், எண் சீட்டுகள், குறிப்பேடு. கணினி தேவையில்லை.

1. இலைகளுக்கு 1 முதல் 30 வரை எண் இடுக. அ, ஆ என்ற இரு குழுக்கள் ஒன்றையொன்று கேட்காமல், ஒவ்வோர் இலையும் 'நலமானது', 'நோயுற்றது' என்று குறிக்கட்டும்.

2. இரு பட்டியல்களையும் ஒப்பிடுக. 24 இலைகளில் ஒத்துப்போனால் ஒப்புமை 80 விழுக்காடு. மீதி ஆறு இலைகளில்தான் பாடம் இருக்கிறது. என் வகுப்பில், பூச்சி கடித்த ஓட்டையை நோயாகக் கொள்வதா என்று பெரிய வாதம் நடந்தது. பேசி முடிவெடுத்து, வரையறையை எழுதி வைக்கச் செய்க.

3. இ குழுவிடம் 20 இலைகளை விடையுடன் கொடுக்க. அவற்றைப் பார்த்து, 'பழுப்புப் புள்ளி மூன்றுக்கு மேல் இருந்தால் நோயுற்றது' என்பதுபோல் அவர்களே ஒரு விதியை உருவாக்கட்டும்.

4. மறைத்து வைத்த 10 இலைகளை விடையின்றிக் கொடுத்து, விதியைச் சோதிக்கச் சொல்க. தவறிய இலைகளின் எண்களையும் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதச் செய்க.

இயந்திரக் கற்றலின் அடிப்படை இதுவே. 20 இலைகள் பயிற்சித் தரவு, 10 இலைகள் சோதனைத் தரவு. அந்தப் பத்தையும் முன்பே காட்டிவிட்டால், வினாத்தாளைக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்ததுபோல் ஆகிவிடும்.

மதிப்பெண்ணை மட்டும் நம்பலாமா?

அடுத்த வகுப்பில், சோதனை இலைகளில் ஒன்பது நலமானதாகவும் ஒன்று நோயுற்றதாகவும் இருக்குமாறு அமைக்க. எதையும் பார்க்காமல் பத்துக்கும் 'நலமானது' என்று எழுதினாலும் 90 விழுக்காடு கிடைக்கும். ஆனால் தேடிய இலை கிடைக்கவில்லை. விழுக்காட்டுக் கணக்குடன் இதை இணைத்துக் கற்பிக்கலாம்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டு உண்டு. மதுக்கரை வனச்சரகத்தில் ரயில் பாதையை நெருங்கும் யானைகளைக் கண்டறிய, 12 கோபுரங்களில் கேமராக்களுடன் செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஒரு நாளின் பெரும்பாலான நேரம் பாதையில் யானை இருக்காது. எப்போதும் 'யானை இல்லை' என்று சொல்லும் கருவி பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆனால் ஒரு யானையைக்கூடக் காப்பாற்றாது. யானை வரும் வழியில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எனவே, "எத்தனை சரி?" என்பதோடு, "எதைத் தவறவிட்டோம்?" என்றும் கேட்கப் பழக்குவோம்.

மதிப்பிடும்போது

விடை சரியா என்பதற்கு மட்டும் மதிப்பெண் தராமல், வரையறை தெளிவாக உள்ளதா, தவறுகள் மறைக்கப்படாமல் பதிவாகியுள்ளனவா, இன்னொரு குழு அந்தக் குறிப்பைப் படித்து அதே செயலைத் திரும்பச் செய்ய முடியுமா என்று பார்க்கலாம். பின்னாளில் தொலைவிலிருந்து வழிகாட்டும் ஆய்வாளர் நம் மாணவரை நேரில் பார்க்கப் போவதில்லை. அவர் எழுதிய குறிப்பைத்தான் பார்ப்பார். நிரலாக்கத்தைக் கல்லூரியில் கற்றுக்கொள்ளலாம். கவனித்து, நேர்மையாக எழுதும் பழக்கத்தை நாம் இப்போதே கொடுத்து அனுப்பலாம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளின் இலைக் குறிப்பேடுகளைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். கட்டணம் கேட்கும் பயிற்சிகளைப் பற்றியும், 1930 என்ற எண்ணைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள்.