வண்டலூரில் செய்த சீமைக் கார்

இந்த முறை எங்கள் வீட்டுக் கொட்டகையில், மக்காச்சோள மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா. கூடவே கூடாது என்கிறார் தாத்தா. நான் தாத்தா பக்கம். ஏன் என்று படியுங்கள்.

காரின் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்டாண்டர்டு என்பது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1903-இல் தொடங்கிய கம்பெனி. பிறகு அது டிரையம்ஃப் கம்பெனியையும் வாங்கியது. அதன் துணையோடு 1948-இல் நம் நாட்டில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆரம்பமானது. தொழிற்சாலை எங்கே தெரியுமா? நம் வண்டலூரில்! வண்டலூர் என்றால் நமக்கு மிருகக்காட்சி சாலைதான் ஞாபகம் வரும். அது 1985-இல் வந்தது. அதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் முன்பே அங்கே கார் செய்திருக்கிறார்கள்.

முதலில் வந்தது வான்கார்டு, கனமான வண்டி. அப்புறம் எய்ட், டென், பென்னன்ட் என்று சின்ன வண்டிகள். 1961-இல் வந்ததுதான் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு இதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி.

இதன் பானெட் மற்ற கார் மாதிரி இல்லை. மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் முழுவதும் முன்னால் சாய்ந்து திறக்கும். "டயர் மேலயே உக்காந்துக்கிட்டு எஞ்சின் வேலை பாப்போம்டா" என்பார் தாத்தா. அவர் மெக்கானிக்காக இருந்தவர்.

பின்பக்கம் இன்னும் வேடிக்கை. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். "ஜாக்கி போட்டுத் தூக்கினா சக்கரத்தோட அடி உள்ள மடங்கும். நாலு பேரு ஏறினா வெளிய விரியும். பாக்கறவன் ஆக்ஸில் ஒடிஞ்சிருச்சுன்னு பயந்துருவான்!"

இங்கிலாந்தில் எஞ்சினை 1147, 1296 சிசி என்று பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். நம் ஹெரால்டு கடைசி வரை 948 சிசிதான். ஆனால் அவர்கள் செய்யாத ஒன்றை நாம் செய்தோம். அங்கே இரண்டு கதவுதான். நான்கு கதவு ஹெரால்டு வண்டலூரில் மட்டுமே வந்தது. எங்களுடையது நான்கு கதவு!

1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டை மாற்றி கெசல் என்று விட்டார்கள். அதில் அந்த ஆடும் பின்பக்கத்தை எடுத்துவிட்டு சாதாரண ஆக்ஸில் போட்டார்கள். பிறகு சில வருஷம் கார் இல்லை, வேன் மட்டும். 1985-இல் ஸ்டாண்டர்டு 2000. உடம்பு ரோவர் காருடையது, பார்க்க ராஜா மாதிரி. உள்ளே எஞ்சினோ அந்தப் பழைய வான்கார்டு வழி வந்தது! பெட்ரோலைக் குடித்தது. அதற்குள் மாருதி 800 வந்துவிட்டது. யார் வாங்குவார்கள்? 1988-இல் உற்பத்தி நின்றது.

ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரையே 1963-இல் கைவிட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் 25 வருஷம் அந்தப் பெயர் வண்டலூரில்தான் ஓடியது.

போன ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரர் வந்தார். தாத்தா ஒன்றும் பேசாமல் பானெட்டைச் சாய்த்துக் காட்டினார். அவர் டயர் மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வரேங்க" என்று போய்விட்டார். இன்னும் முடிவாகவில்லை. பார்க்க ஆசைப்படுபவர்கள் அதற்குள் வாருங்கள். பானெட்டைத் திறக்க இரண்டு பேர் வேணும்.

- 9-ஆம் வகுப்பு மாணவன், வேப்பந்தட்டை