இரண்டு மணி நேரத்தில் பறிபோன ஊர்



ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்து ஊர்களிலும் வாழும் நமக்கு, அகதி வாழ்க்கை எங்கோ தொலைவில் நடப்பதாகத் தோன்றலாம். ஆனால் மலையிறங்கி வேலூர் பக்கம் போனால், மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அவர்களுக்கு உதவுவோம் என்றால், "யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விரட்டியது இவர்கள் ஆட்கள்தானே?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வியையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நடந்தது என்ன?

1990 அக்டோபர் 30 அன்று காலை, யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பகுதியில் விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, முஸ்லிம்களை ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு வரவழைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த மக்களிடம் நகையும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. மன்னார் முஸ்லிம்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அந்த அக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள்.

அவர்களில் பெரும்பாலோருக்குப் புத்தளம் அடைக்கலம் கொடுத்தது. பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் திறந்துவிடப்பட்டன. உள்ளூர் மக்கள் சமைத்துப் போட்டார்கள். ஆனால் ஆண்டுகள் நீண்டபோது தண்ணீர், வேலை, நிலம், பள்ளி இடம் ஆகியவற்றில் மனக்கசப்பு வந்தது. ஒரே கலிமா சொன்னவர்களிடையேகூட 'அகதி' என்ற சொல் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது.

மொழி ஒன்று, மதம் ஒன்று

யாழ்ப்பாணத்தில் விரட்டியவரும் விரட்டப்பட்டவரும் பேசிய மொழி தமிழ்தான். இராக்கில் நடந்ததையும் பாருங்கள். 1988இல் சதாம் உசேனின் ராணுவம் ஆயிரக்கணக்கான குர்து கிராமங்களை அழித்தது. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'அன்ஃபால்', அதாவது நம் குர்ஆனின் ஓர் அத்தியாயத்தின் பெயர்! அழிக்கப்பட்ட குர்துகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆகவே மொழி, மதம் இவற்றின் பெயரைச் சொல்லி எவரும் அநியாயம் செய்யக்கூடும். அதற்காக அந்த மொழியையோ மதத்தையோ சேர்ந்த எல்லோரையும் குற்றவாளியாக்க முடியுமா?

முகாமில் இருப்பவர்கள் யார்?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, ராணுவத்துக்கும் குண்டுவீச்சுக்கும் அஞ்சிப் படகேறி வந்த குடும்பங்களும், அவர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகளும்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் முஸ்லிம் அகதிகளைப் போலவே இலங்கைத் தமிழரையும் வெளியே நிறுத்தியது. துப்பாக்கிக்கு அஞ்சி ஓடிவந்தவரிடம் இன்னொருவர் பிடித்த துப்பாக்கிக்குக் கணக்குக் கேட்பது நீதியாகாது.

மார்க்கம் காட்டும் வழி

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8வது வசனம் எச்சரிக்கிறது. மக்காவின் கொடுமைக்கு அஞ்சிய முதல் முஸ்லிம்கள் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றபோது, அவர்களுக்கு இடம் கொடுத்த நஜ்ஜாஷி கிறிஸ்தவ மன்னர். அவர்களைத் திருப்பி அனுப்பும்படி கேட்டுவந்த குறைஷித் தூதர்களை அவர் வெறுங்கையோடு அனுப்பினார். மதீனாவின் அன்சாரிகளோ வீட்டையும் தோட்டத்தையும் முஹாஜிர்களோடு பங்கிட முன்வந்தார்கள். நாம் நஜ்ஜாஷியிடம் பெற்றதையும் அன்சாரிகளிடம் கற்றதையும் மறக்கலாமா?

நாம் செய்ய வேண்டியவை

• ஸதகா கொடுக்க மதம் தடையில்லை. ஜகாத் பற்றி மட்டும் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம்.

• முகாம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ விரும்புவோர், அதிகாரிகளின் அனுமதி பெற்று முறையாகச் செல்வோம்.

• ஒரு நாள் சோறு போடுவது எளிது. புத்தளம் கற்றுத்தருவது, பத்தாம் ஆண்டிலும் முகம் சுளிக்காமல் இருப்பதே கடினம் என்பதை. ஆகவே சிறிதானாலும் தொடர்ந்து செய்வோம்.

• 1990இல் நடந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பழி தீர்க்க அல்ல, அப்படி ஒன்றை யாருக்கும் செய்யாதிருக்க.

வீடிழந்த ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் வீடு தருவானாக. அவர்கள் வந்து தட்டும் கதவாக நம் வீடுகளை ஆக்குவானாக. ஆமீன்.