வேலி அளவு வேறு, காணி அளவு வேறு



தனிவீட்டுக் காணி என்றதும் "7 பேர்ச்சஸ்" என்ற பேச்சு நம் மக்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் 7 பேர்ச்சஸ் என்றால் எவ்வளவு இடம், அதை எப்படி அளப்பது என்று கேட்டால் நம்மில் பலர் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறோம். பிள்ளைகளோ பள்ளிக்கூடத்தில் படித்த சுற்றளவு, பரப்பளவு எல்லாவற்றையும் பரீட்சையோடு விட்டுவிடுகிறார்கள். ஆகவே பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் விதமாக இந்தப் பாடத்தைத் தருகிறோம்.

1. இரண்டு அளவுகள்

சுற்றளவு என்பது ஓர் இடத்தின் ஓரங்களைச் சுற்றிவரும் நீளம். பரப்பளவு என்பது அந்த ஓரங்களுக்கு உள்ளே இருக்கும் இடம். 12 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள லயக் காம்பராவை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 12 + 10 + 12 + 10 = 44 அடி. பரப்பளவு 12 × 10 = 120 சதுர அடி. வேலிக்குக் கம்பி வாங்கச் சுற்றளவு வேண்டும். காணிக்கும், தரைக்குச் சீமெந்து போடவும் பரப்பளவு வேண்டும்.

2. பேர்ச்சஸ் கணக்கு

1 ஏக்கர் = 4 ரூட். 1 ரூட் = 40 பேர்ச்சஸ். ஆகவே 1 ஏக்கர் = 160 பேர்ச்சஸ்.
1 பேர்ச்சஸ் = 272.25 சதுர அடி.
7 பேர்ச்சஸ் = 1,905.75 சதுர அடி. மீற்றரில் சொன்னால் சுமார் 177 சதுர மீற்றர், அதாவது 0.0177 ஹெக்டயர்.

3. ஒரே வேலி, மூன்று காணி

180 அடி வேலி அடைத்த மூன்று காணிகளைப் பாருங்கள்.

45 அடிக்கு 45 அடி: 2,025 சதுர அடி (7.44 பேர்ச்சஸ்)
60 அடிக்கு 30 அடி: 1,800 சதுர அடி (6.61 பேர்ச்சஸ்)
70 அடிக்கு 20 அடி: 1,400 சதுர அடி (5.14 பேர்ச்சஸ்)

மூன்றுக்கும் ஒரே அளவு கம்பிதான் போகும். ஆனால் முதல் காணிக்கும் கடைசிக் காணிக்கும் இரண்டு பேர்ச்சஸுக்கு மேல் வித்தியாசம்! "சுற்றி வந்து பார்த்தோம், எல்லாருக்கும் சரியாத்தான் இருக்கு" என்று சொல்வது ஏன் போதாது என்பது இப்போது விளங்கும்.

4. முக்கோணி

ஒரு செவ்வகக் கடதாசியை மூலைக்கு மூலை வெட்டினால் ஒரே அளவான இரண்டு முக்கோணிகள் வரும். ஆகவே முக்கோணியின் பரப்பளவு செவ்வகத்தில் பாதி: அடி × செங்குத்துயரம் ÷ 2. அடி 40 அடியும் செங்குத்துயரம் 18 அடியும் என்றால், 40 × 18 ÷ 2 = 360 சதுர அடி.

இங்கே ஒரு கவனம் வேண்டும். சாய்ந்த பக்கத்தின் நீளத்தை உயரமாக எடுக்கக் கூடாது. உச்சியிலிருந்து அடிக்கு நேராக விழும் தூரமே செங்குத்துயரம்.

5. கோணலான காணி

மலைநாட்டுக் காணிகள் எல்லாம் சதுரமாக இருப்பதில்லை. நான்கு பக்கமும் நான்கு விதமாக இருக்கும் காணிக்கு (இதை நாற்பக்கல் என்று பிள்ளைகள் படிப்பார்கள்) இப்படிச் செய்யுங்கள்:

அ. நான்கு மூலைக்கும் முளை அடியுங்கள்.
ஆ. எதிர் எதிரான இரண்டு மூலைகளுக்கு இடையே கயிறு கட்டி அளவெடுங்கள். இதுதான் மூலைவிட்டம். இப்போது காணி இரண்டு முக்கோணியாகிவிட்டது.
இ. மற்ற இரண்டு மூலைகளிலிருந்தும் கயிறு வரை அளவு நாடாவைப் பிடியுங்கள். நாடாவை அங்குமிங்கும் நகர்த்தினால் ஓர் இடத்தில் மிகக் குறைந்த அளவு காட்டும். அதுவே செங்குத்துயரம்.
ஈ. இரண்டு செங்குத்துயரங்களையும் கூட்டி, மூலைவிட்டத்தால் பெருக்கி, இரண்டால் பிரியுங்கள்.

ஓர் உதாரணம். ஒரு காணியின் பக்கங்கள் வரிசையாக 35 அடி, 48 அடி, 59 அடி 5 அங்குலம், 37 அடி. மூலைவிட்டம் 60 அடி. செங்குத்துயரங்கள் 28 அடி, 35 அடி. கணக்கு: 60 × 63 ÷ 2 = 1,890 சதுர அடி. அதாவது 6.94 பேர்ச்சஸ்.

சிலர் எதிர்ப் பக்கங்களைக் கூட்டி, பாதியாக்கி, நீளம் அகலம் என்று பெருக்குவார்கள். அப்படிப் பார்த்தால் இதே காணி சுமார் 2,006 சதுர அடி, 7.37 பேர்ச்சஸ் என்று வரும். கோணல் காணிக்கு இந்த வழி எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். "ஏழுக்கு மேலே நூறு சதுர அடி இருக்கே" என்று நம்பி ஓரத்தை விட்டுக் கொடுத்தால், குறைவது உங்கள் பிள்ளைகளின் காணி.

6. சரிவான இடம்

நில அளவைப் படத்தில் காட்டுவது மட்டமான அளவு. நிலத்தோடு சாய்த்துப் பிடித்த நாடா கூடுதலாகக் காட்டும். சரிவில் 50 அடி போகும்போது 30 அடி இறங்கினால், மட்டமான தூரம் 40 அடிதான். ஆகவே நாடாவை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படி இறங்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து கூட்டுங்கள்.

7. அளந்த பிறகு

நாம் அளப்பது நாமே விளங்கிக்கொள்வதற்கு. முடிவான அளவு பதிவு பெற்ற நில அளவையாளரின் படத்தில் உள்ளதுதான். நாடா கொஞ்சம் தொய்ந்தாலும் ஐந்து பத்துச் சதுர அடி மாறும், அதற்காக வேலியோரத்தில் சண்டை வேண்டாம். ஆனால் அரை பேர்ச்சஸ், ஒரு பேர்ச்சஸ் என்று வித்தியாசம் வந்தால் சும்மா இருக்கவும் வேண்டாம். அத்திவாரம் வெட்டுவதற்கு முன், வேலி போடுவதற்கு முன், அளவுகளைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். "குறையுற மாதிரி தெரியுது ஐயா" என்பதைவிட "மூலைவிட்டம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, கணக்கு இது" என்று சொன்னால் கேட்பவரும் படத்தை எடுத்துப் பார்ப்பார்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: மூலைவிட்டம் 50 அடி, செங்குத்துயரங்கள் 36 அடி, 40 அடி. இந்தக் காணி எத்தனை சதுர அடி? 7 பேர்ச்சஸ் வருமா?

(விடை: 1,900 சதுர அடி. 7 பேர்ச்சஸுக்கு 5.75 சதுர அடி குறைவு.)